நெடுந்தீவைத் தேடினால் ஒல்லாந்து வருகிறது

வலைக்குள் நம் ஊர் – 14

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது. வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். அவர்கள் போய் 200 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மற்றப் பெயர்கள் பழைய வரைபடங்களோடு மறைந்துவிட, ஒன்று மட்டும் தங்கிவிட்டது. நெடுந்தீவு ஆங்கிலத்தில் இன்றைக்கும் டெல்ப்ட்தான். பிரதேச செயலகத்தின் பெயரும் அதுதான்.

லண்டனிலோ சூரிச்சிலோ பிறந்த ஒரு பிள்ளை, அம்மம்மாவின் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு, ஆங்கிலத்தில் டெல்ப்ட் என்று போட்டுத் தங்குமிடம் தேடினால் என்ன வரும்? கால்வாய்கள், நீலமும் வெள்ளையுமான பீங்கான், ஓவியர் வெர்மீர் பிறந்த வீதிகள். குறிகட்டுவானில் படகேறிப் போகிற, முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் பெருக்கு மரமும் உள்ள நமது தீவைக் காண அந்தப் பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஐரோப்பாவில் இருந்துகொண்டு அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களில் அநேகமானோர் தேடுவது நெதர்லாந்து நகரத்தைத்தான். தேடுபொறி அதையே காட்டுகிறது. வேறு ஒன்றைக் காட்ட வேண்டும் என்று நாம் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

சென்ற வாரம் கூகுள் வரைபடத்தில் ஒரு கடையைப் பதிவது எப்படி என்று பார்த்தோம். அது ஓர் ஊருக்குள் முடிகிற வேலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்று இணையத்தளம் நடத்துகிற விடுதிக்காரர், மண்டபக்காரர், காணி விற்பவர், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து அனுப்புகிறவர் எல்லோருக்கும் வாடிக்கையாளர் ஏழெட்டு நாடுகளில் இருக்கிறார். ரொறன்ரோவில் இருப்பவரும் ஒஸ்லோவில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே தளத்துக்குத்தான் வர வேண்டும். அந்தந்த நாட்டில் இருந்து தேடுகிறவரின் கண்ணில் அது எப்படிப் படும் என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு கூகுளின் இலங்கைப் பதிப்பு, கனடாப் பதிப்பு என்று முகவரியை மாற்றி அந்த நாட்டு முடிவுகளைப் பார்க்க முடிந்தது. 2017 ஒக்ரோபரில் அது மாறியது. எந்த முகவரியில் நுழைந்தாலும், தேடுகிறவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ அந்த நாட்டு முடிவுகளே வரும் என்றாக்கினார்கள். 2025இல் நாட்டு முகவரிகள் எல்லாவற்றையும் பொது முகவரிக்கே திருப்பிவிடப் போவதாக அறிவித்தார்கள். ஆகவே கொக்குவிலில் இருந்து ‘கல்யாண மண்டபம்’ என்று தேடினால் ஒரு பட்டியல், ஸ்காபரோவில் இருந்து தேடினால் இன்னொரு பட்டியல். யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து தன் தளத்தைத் தானே தேடி, முதலாவதாக வருகிறது என்று மகிழ்கிறவர், கனடாவில் அது எத்தனையாவது பக்கத்தில் கிடக்கிறது என்பதை அறியமாட்டார்.

நாடு நாடாகப் பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோர் அதைச் செய்யாமலே அடுத்த கட்டத்துக்குப் பாய்கிறார்கள். நாம் இருக்கும் இடம் எது என்பதைத் தளத்தில் எழுத்தால் எழுதி வைக்க வேண்டும். எழுத்தால் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஈழத்தமிழர் இணையத்துக்கு வந்த காலத்தில் நம் கையில் இருந்தது பாமினி எழுத்துரு. அச்சகங்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளையும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்குள்ளே கிடப்பது அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் மட்டுமே. தேடுபொறிக்குக் கண் கிடையாது. உள்ளே கிடப்பதைத்தான் அது வாசிக்கும். அப்படி அடிக்கப்பட்ட ஊர்ச் செய்திகளும் கோயில் வரலாறுகளும் தேடுபொறியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. யாழ்ப்பாணம் என்ற சொல் ஆயிரம் முறை வந்த பக்கத்திலும் யாழ்ப்பாணம் என்ற சொல் இல்லை. பின்பு யுனிகோட் பரவியது. சுரதா யாழ்வாணன் போன்றவர்கள் பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் கருவிகள் இல்லாவிட்டால் நம் பழைய எழுத்தில் பெரும்பகுதி இன்றும் தேட முடியாமல் கிடந்திருக்கும். அவர்களுக்கு நாம் செலுத்திய நன்றி போதாது.

அந்த நோய் இப்போது வேறு உருவில் இருக்கிறது. அச்சகத்தில் பாமினியில் வடிவமைத்த விளம்பரத்தை அப்படியே படமாக்கித் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். முகவரி படத்துக்குள், விலை படத்துக்குள், தொலைபேசி இலக்கமும் படத்துக்குள். பார்க்க அழகாக இருக்கும். கைத்தொலைபேசியில் அந்த இலக்கத்தைத் தொட்டு அழைக்க முடியாது. படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி பக்கத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஏழு நாட்டுக்கு ஏழு பக்கம் வைப்பதற்கு முன் அந்த ஒரு படத்தை எழுத்தாக மாற்றுங்கள்.

அடுத்தது பெயர்கள். பருத்தித்துறை, பொயின்ற் பெட்றோ, பேதுறுதுடுவ மூன்றும் ஓர் ஊர். ஊர்காவற்றுறையும் கயிற்ஸும் ஒன்று. காங்கேசன்துறை வீதி, கே.கே.எஸ். வீதி இரண்டும் ஒரே தெரு. கோப்பாய், உரும்பிராய் போன்ற ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். நல்லூர் என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டில் எத்தனை நல்லூர்! ஆகவே தொடர்புப் பக்கத்தில் ‘நல்லூர், யாழ்ப்பாணம், வட மாகாணம், இலங்கை’ என்று முழுமையாக எழுதுங்கள். ஊர்ப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடிந்தால் சிங்களத்திலும் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தை நாட்டுக் குறியீடான 94உடன் தொடங்குங்கள். 021 என்று தொடங்கினால் பாரிஸில் இருப்பவர் அப்படியே அழைக்க முடியாது. நெடுந்தீவில் விடுதி நடத்துகிறவர் ‘டெல்ப்ட் தீவு, யாழ்ப்பாணம், இலங்கை’ என்ற தொடரைத் தலைப்பிலேயே வைக்க வேண்டும். ‘தீவு’ என்ற அந்த ஒரு சொல் நெதர்லாந்து நகரத்தைத் தள்ளி வைக்கப் பெரிதும் உதவும்.

இதையெல்லாம் நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. பல நாட்டுத் தளம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு நல்ல மாதிரி இருக்கிறது: மரண அறிவித்தல். புலம்பெயர்ந்தவர்களும் ஊரில் இருப்பவர்களும் நாள்தோறும் பார்க்கிற பக்கம் அது. அதன் நடையைக் கவனியுங்கள். ‘யாழ். வேலணை மேற்கைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தை, கனடா ஸ்காபரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். மூன்று இடம், இரண்டு நாடு, முதல் வரியிலேயே. பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி. பார்வைக்கு வைக்கும் நேரம், கிரியை, தகனம், மண்டபத்தின் முழு முகவரி, எல்லாம் அந்த நாட்டு நேரப்படி. கடைசியில் தொடர்புக்கு: மகன் கனடா, மருமகன் பிரான்ஸ், சகோதரன் இலங்கை என்று நாட்டுக்கு ஓர் இலக்கம். வேலணை என்று தேடுகிறவருக்கும் அது பயன்படும், ஸ்காபரோ என்று தேடுகிறவருக்கும் பயன்படும். எந்த நாட்டில் இருந்து வாசிக்கிறவருக்கும் தான் யாரை அழைக்க வேண்டும் என்பது தெரியும். பத்திரிகைக் காலத்திலேயே, தேடுபொறியை நினைக்காமல், துக்கத்தில் இருக்கிற உறவுகளை நினைத்து நம் சமூகம் உருவாக்கிய வடிவம் அது. உங்கள் விடுதியின் பக்கத்தை அந்த அளவு தெளிவோடு எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இனி நாடு பிரிக்கும் வேலைக்கு வருவோம். மூன்று வழி உண்டு. நாட்டுக்கு ஒரு தனி முகவரி வாங்குவது, ஒரே முகவரிக்கு முன்னால் நாட்டின் பெயரைச் சேர்த்துத் துணைத் தளம் அமைப்பது, ஒரே தளத்துக்குள் நாட்டுக்கு ஒரு கோப்புறை வைப்பது. தனி முகவரிகளை வாங்குவது பெரிய நிறுவனங்களின் வேலை. கனடாவின் நாட்டு முகவரியை வாங்கக் கனடாவில் இருப்பு வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் ஆண்டுக் கட்டணம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறு வியாபாரத்துக்கு ஒரே தளமும் உள்ளே நாட்டுக் கோப்புறைகளும்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. முழுக்க இலங்கைக்குள் விற்கிறவர் எல்.கே. முகவரி வைத்திருப்பது நல்லது. அந்த முடிவைப் பார்த்தாலே இது இலங்கைத் தளம் என்று தேடுபொறி எடுத்துக்கொள்ளும். 2010 முதல் தமிழிலேயே ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியும் நமக்கு உண்டு. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரே முக்கியம் என்றால் டொட் கொம் போன்ற பொது முகவரி வசதி. முன்பு அப்படிப்பட்ட தளத்தை ‘இது இன்ன நாட்டுக்கு’ என்று கூகுளின் தேடல் பணியகத்தில் குறித்து வைக்கலாம். 2022இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது நமது பக்கங்களே அதைச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. 2011இல் கூகுள் கொண்டுவந்த அதன் பெயர் எச்ரெஃப்லாங். பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், ‘இந்தப் பக்கம் இலங்கைத் தமிழருக்கு, இதே பக்கத்தின் இந்தியத் தமிழ் வடிவம் அங்கே, கனடா ஆங்கில வடிவம் இங்கே’ என்று அறிவிக்கிற வரிகள் அவை. முதலில் மொழிக் குறி, பிறகு ஒரு கோடு, பிறகு நாட்டுக் குறி. தமிழுக்கு டி-ஏ, இலங்கைக்கு எல்-கே, இந்தியாவுக்கு ஐ-என்.

இதில் நம் ஆட்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. மொழியை விட்டுவிட்டு நாட்டை மட்டும் எழுதுகிறார்கள். கனடா என்று நினைத்து சி-ஏ என்று மட்டும் எழுதினால் அது கற்றலான் மொழி. சுவிஸ் என்று நினைத்து சி-எச் என்று எழுதினால் குவாம் தீவுப் பக்கத்தில் பேசப்படும் சமோரோ மொழி. பிரித்தானியா என்று யு-கே போட்டால் உக்ரேனிய மொழி. பிரித்தானியாவின் நாட்டுக் குறி ஜி-பி. லண்டன் தமிழருக்கென்று உழைத்து எழுதிய பக்கத்தை உக்ரேனியருக்கு என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொன்று, அந்த அறிவிப்பு இரு பக்கமும் இருக்க வேண்டும். இலங்கைப் பக்கம் கனடாப் பக்கத்தைக் குறித்தால், கனடாப் பக்கமும் இலங்கைப் பக்கத்தைத் திருப்பிக் குறிக்க வேண்டும். ஒருதலையாக இருந்தால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. எந்தப் பட்டியலிலும் சேராதவருக்கென்று பொதுவான ஒரு பக்கத்தையும் குறிக்கலாம். இதனால் உங்கள் தளம் பட்டியலில் மேலே ஏறிவிடும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது செய்வது ஒன்றுதான்: ஏற்கனவே வருகிற முடிவில், அந்த நாட்டவருக்குப் பொருத்தமான பக்கத்தை மாற்றிவைக்கும்.

பிழையான குறிப்பைவிடப் பெரிய கேடு தானாகத் திருப்பிவிடுவது. வருகிறவர் எந்த நாடு என்று இணைய இலக்கத்தைக் கொண்டு கண்டுபிடித்து, கேட்காமலே அந்த நாட்டுப் பக்கத்துக்குத் தள்ளுகிற தளங்கள் இருக்கின்றன. தளங்களை வாசித்துப் பதிகிற கூகுளின் இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்துதான் வருகிறது. அதையும் அமெரிக்கப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் உங்கள் இலங்கைப் பக்கத்தையும் பிரான்ஸ் பக்கத்தையும் அது எப்படிப் பார்க்கும்? பக்கத்தின் மேலே நாடுகளின் பெயர்களை இணைப்பாக வைத்து, வருகிறவரே தெரிவு செய்ய விடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து நிற்கிற கனடாக்காரருக்கும் அதுதான் வசதி.

சரி, அந்தப் பக்கங்களில் என்ன எழுதுவது? நான் பார்த்தவரை பல தளங்களில் கொடி மாறுகிறது, எழுத்து மாறுவதில்லை. ஒரே பக்கத்தை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ரொறன்ரோவுக்கு ஒன்று, மொன்றியலுக்கு ஒன்று என்று வைத்தால் கூகுள் அதை மோசடிப் பக்கமாகவே கருதும். அதன் விதிகளில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டவருக்குச் சொல்ல வேறு செய்தி இருந்தால் மட்டும் வேறு பக்கம் வையுங்கள்.

யாழ்ப்பாணத்து விடுதிக்கு அப்படிச் சொல்ல நிறையவே இருக்கிறது. சென்னையில் இருந்து வருகிறவர் பலாலியில் இறங்கலாம். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்ரோபரில் கப்பல் விட்டார்கள், இடையில் நின்று 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. ஆகவே இந்தியத் தமிழருக்கான பக்கத்தில் பலாலியில் இருந்தும் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இருந்தும் விடுதி எவ்வளவு தூரம், அழைத்துவர வாகனம் உண்டா என்பவை வேண்டும். விலையை இந்திய ரூபாயிலும் கொடுக்க வேண்டும். நாம் ‘ரூபா’ என்று எழுதுவது இலங்கைப் பணம், அவர்கள் ‘ரூபாய்’ என்று வாசிப்பது இந்தியப் பணம். எந்த நாட்டுப் பணம் என்று குறிக்காத விலைப்பட்டியல் வீண் தகராறில்தான் முடியும்.

ரொறன்ரோக்காரருக்கு அது எதுவும் வேண்டாம். அவர் கட்டுநாயக்காவில் இறங்குகிறார். இரவு பஸ்ஸா ரயிலா வானா என்பது அவருடைய கேள்வி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறை கிடைக்குமா, தேர் அன்று வாசல்வரை வாகனம் வருமா, அப்பாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை உண்டா, சைவச் சாப்பாடு தனியாகச் சமைப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள். பாரிஸில் வளர்ந்த பிள்ளை இதே கேள்விகளைப் பிரெஞ்சில் கேட்கும், சூரிச்சில் வளர்ந்தது ஜேர்மனில் கேட்கும். அந்த மொழிகளில் ஒரு பக்கமாவது இருக்கட்டும். இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்து அப்படியே போடாதீர்கள். அங்கே படித்த மருமகளோ பேரனோ குடும்பத்தில் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அவர்களைக் கொண்டு எழுதுவியுங்கள்.

தமிழுக்குள்ளும் கவனம் வேண்டும். நாம் பனங்கட்டி என்கிறோம், தமிழ்நாட்டார் கருப்பட்டி என்று தேடுகிறார்கள். நம் சாமத்திய வீட்டை அவர்கள் மஞ்சள் நீராட்டு விழா என்று தேடுவார்கள். காணி என்று நாம் விற்பதை அவர்கள் மனை என்றும் நிலம் என்றும் கேட்பார்கள். யாருக்கு எழுதுகிறோமோ அவர் தட்டுகிற சொல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காக இலங்கைப் பக்கத்திலும் பனங்கட்டியை எடுத்துவிட்டுக் கருப்பட்டி என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பனங்கட்டி என்று தேடுகிறவரும் நம்முடையவர்தான்.

வெளிநாட்டு வரைபடத்தில் இடம் பிடிக்க ஆசைப்பட்டு, ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனரின் வீட்டு முகவரியைக் கிளை என்று பதிகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஆள் இருந்து வாடிக்கையாளரைச் சந்திக்காத இடத்தைக் கிளையாகப் பதிவது கூகுளின் விதிக்கு முரண். கண்டுபிடித்தால் ஊரில் உள்ள உண்மையான பதிவும் ஆட்டங்காணலாம். ஐந்து நாட்டுச் சொந்தக்காரர் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போடுவதும் அப்படித்தான். வந்து தங்கியவர் எழுதட்டும்.

அந்நிய நாட்டில் மதிப்பைச் சம்பாதிக்க நேர்மையான வழி இருக்கிறது. அந்த நாட்டில் ஏற்கனவே மதிப்போடு இருக்கிற தளம் உங்களைக் குறிப்பிட வேண்டும். இதில் யாழ்ப்பாணத்துக்கு உள்ள வாய்ப்பு வேறு பல ஊர்களுக்கு இல்லை. யாழ் இந்து, ஹாட்லி, சென். ஜோன்ஸ், வேம்படி என்று நம் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இயங்குகின்றன. ஊர் ஒன்றியங்கள் அதற்கு மேல். அவற்றின் தளங்கள் அந்தந்த நாட்டில் நடப்பவை, அந்த நாட்டவர் வாசிப்பவை. பாடசாலை ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்குச் சலுகை விலையில் அறை கொடுங்கள், அந்தச் சங்கம் தன் அறிவிப்பில் உங்கள் தளத்தை இணைக்கும். காசு கொடுத்து வாங்குகிற நூறு இணைப்பைவிட அது பெறுமதியானது.

ஊரின் பெயர் பற்றிய வேலை மட்டும் தனியொருவர் செய்து முடியாதது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். நம் ஊர்கள் பலவற்றுக்கு அங்கே கட்டுரை இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஊர் வரலாறுகளும் மலர்களும் மின்வடிவில் கிடக்கின்றன. ஓர் ஊரின் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்கள் மூன்றும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன என்பதைத் தேடுபொறிகள் அறிந்துகொள்ளும் வழிகளில் விக்கிப்பீடியா முக்கியமானது. உங்கள் ஊர்ப் பக்கத்தை இந்த வாரமே திறந்து பாருங்கள். சனசமூக நிலையம், கோயில், பாடசாலை, இறங்குதுறை எவை விடுபட்டிருக்கின்றன, எந்தப் பெயர் பிழையாக இருக்கிறது என்று பார்த்து, நூலகத்தில் ஆதாரம் எடுத்துத் திருத்துங்கள். திருத்தத் தெரியாதவர்கள் ஊரின் பெயரையும் அது வழங்கும் மற்றப் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதப்படும் வகைகளையும் இந்த இதழின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். வந்தவற்றை வரும் வாரங்களில் ஊர் ஊராக வெளியிடுகிறோம். முதலில் தீவகம்.